ஆர்லீன் டக்கெட்டுக்கு ஒரு குரல் குறைந்தது

இன்று காலை கண் விழித்ததும், காப்பிக்குத் தண்ணீர்கூட வைக்காமல், நான் செய்த முதல் வேலை ஒரு தொலைபேசி எண்ணை அழுத்தியதுதான். மறுமுனையில் ஒரே ஒரு மணி அடித்தது. உடனே துண்டித்துவிட்டேன். அந்த எண்ணுக்கு உரியவர் இதோ, முதல் வரிசையில், வெள்ளைத் தொப்பியோடு அமர்ந்திருக்கிறார். ஆம், ரேனெல், அது நான்தான். தொலைபேசியில் சொல்ல நா எழவில்லை. மேடையில் எழும் என்ற நம்பிக்கையில் வந்து நிற்கிறேன். அவை மரபுப்படி வணக்கத்தைச் சொல்லித் தொடங்குகிறேன்.

எண்பத்தாறு வயதிலும் முதுகு வளையாமல் இந்த அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் மூத்த டீக்கன் ஆம்ப்ரோஸ் டில்மன் ஐயா அவர்களே! எங்கள் போதகர் கெல்வின் ரே அவர்களே! வெள்ளை உடையும் வெள்ளைக் கையுறையும் அணிந்து, ஜூன் மாத மெம்பிஸ் வெயிலை ஒற்றை விசிறியால் எதிர்த்துப் போராடும் சபையின் தாய்மார்களே! ஞாயிறுதோறும் எங்கள் நெஞ்சை உலுக்கும் பாடகர் குழுவினரே! நகர மன்றத்திலிருந்து வந்திருக்கும் விருந்தினர்களே! கூடாரத்துக்குப் பின்னால் மீன் பொரித்துக்கொண்டே ஒரு காதை இந்தப் பக்கம் வைத்திருக்கும் சகோதரர்களே! எல்லாருக்கும் மேலாக, இந்த விழாவின் நாயகி ஆர்லீன் டக்கெட்டின் ஒரே மகளாய்ச் சிகாகோவிலிருந்து வந்திருக்கும் ரேனெல் அவர்களே! எலீம் ஊற்று பாப்டிஸ்ட் சபையில் இருபத்துநான்கு ஆண்டுகளாக எழுத்தர் பணி செய்யும் மார்வெட்டா ஸ்டோக்ஸ் உங்கள் அனைவரையும் கை கூப்பி வணங்குகிறேன்.

எனக்கு இன்று இரண்டு வேலைகள் தந்திருக்கிறார்கள். ஆர்லீனைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுவது ஒன்று. பேசி முடித்ததும், பின்னால் சுவரில் ஊதாத் துணிக்குள் இருக்கும் வெண்கலப் பலகையைக் கயிறு இழுத்துத் திறந்து வைப்பது மற்றொன்று. மீன் மணக்கிறது, பசிக்கிறது, தெரியும். சகோதரர் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். கவலைப்படாதீர்கள், மீன் ஆறுவதற்குள் முடித்துவிடுவேன். ஆனால் முழுதாகச் சொல்லித்தான் முடிப்பேன்.

"சொல்லு மகளே!" என்கிறார் ஒரு தாய். சொல்கிறேன் அம்மா.

யார் இந்த ஆர்லீன்? பதினைந்து வயதில் இந்தச் சபையின் பாடகர் குழுவில் முதல் வரிசைக்கு வந்தவர். அவர் வாய் திறந்தால், வாசலில் நின்று சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்த ஆண்கள் சுருட்டை மிதித்து அணைத்துவிட்டு உள்ளே வந்தார்களாம். மூக்கால் பாடாத குரல். முயற்சி தெரியாத குரல். மூச்சு எங்கே எடுத்தார் என்று எவருக்கும் தெரியாத குரல். அந்தக் குரலுக்குப் பதினெட்டு வயதானபோது ஓர் இசைத்தட்டுக் கம்பெனிக்காரர் தேடி வந்தார். ஆர்லீன் ஒரு பாட்டுப் பாடினார். "வியாழன் வரை பொறு" என்ற பாட்டு.

அந்தப் பாட்டை ஏன் ஊரே பாடியது? தாய்மார்களே, நான் உங்களுக்கா விளக்க வேண்டும்? யாருடைய சமையலறையில் நின்று யாருடைய பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டினீர்கள்? யாருடைய சட்டைக் காலருக்குக் கஞ்சி போட்டீர்கள்? வாரத்தில் உங்களுக்கென்று இருந்தது எந்த நாள்? வியாழக்கிழமை மதியம்! அந்த ஓர் அரை நாள். காதலித்தாலும் வியாழன்தான், கடைக்குப் போனாலும் வியாழன்தான், கண்ணீர் விட்டாலும் வியாழன்தான். காதலனிடம் "என்னைப் பார்க்க வேண்டுமென்றால் வியாழன் வரை பொறு" என்று ஒரு வேலைக்காரப் பெண் சொல்கிறாள். அவ்வளவுதான் பாட்டு. வானொலியில் அது வந்தால் இந்தத் தெருவின் சமையலறைகள் எல்லாம் சேர்ந்து பாடின.

ஆனால் மெட்டு? அங்கேதான் வினை. அந்த மெட்டு நம் பாடகர் குழுவின் மெட்டு. ஞாயிற்றுக்கிழமை "இயேசுவே" என்று பாடிய இடத்தில் ஆர்லீன் "கண்ணா" என்று பாடிவிட்டார்.

சிரிக்கிறீர்கள். அன்று யாரும் சிரிக்கவில்லை. திங்கள் முதல் சனி வரை அவரோடு சேர்ந்து பாடிய நாம், ஞாயிற்றுக்கிழமை அவரை உட்கார வைத்தோம். நகர மன்றத்து விருந்தினர்களுக்காக ஒரு வார்த்தை: எங்கள் சபைகளில் ஒருவரை உட்கார வைப்பது என்றால், அவர் பாடக் கூடாது, பொறுப்பில் இருக்கக் கூடாது, வாக்களிக்கக் கூடாது. சபைமுன் எழுந்து மன்னிப்புக் கேட்டு, சபை அவரைச் சேர்த்துக்கொள்ளும்வரை பெயர் ஏட்டில் இருக்காது.

அன்று உட்கார வைத்தவர், சபை நிர்வாகம் பார்க்கும் ஓர் இளம் டீக்கன். முப்பத்தாறு வயது. பெயர் ஆம்ப்ரோஸ் டில்மன். தலைவர் ஐயா, நீங்களே தலையாட்டுகிறீர்கள், நான் தைரியமாகத் தொடர்கிறேன். அவர் சொன்னாராம்: "மன்னிப்புக் கேட்டுட்டுப் போய்க்கிட்டே இரும்மா. ரெண்டு நிமிஷ வேலை."

ஆர்லீன் கேட்டாராம்: "எதுக்குங்கய்யா கேக்கணும்? வியாழக்கிழமைக்கா?"

மாடியில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்போடு விஷயம் முற்றிப்போனது. ஆர்லீன் மன்னிப்புக் கேட்கவில்லை. பெயர் அடிக்கப்பட்டது. ஆண்டு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தாறு.

அதற்குப் பிறகு நடந்ததை உலகம் அறியும். சிகாகோ அறியும், டெட்ராய்ட் அறியும், பிலடெல்பியாவின் அரங்கங்கள் அறியும். ஆனால் உலகம் அறியாத ஒன்றை நான் அறிவேன், அவரே சொல்லிக் கேட்டதால். அந்த வியாழக்கிழமைப் பாட்டுக்காக முதல்முறை ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போனபோது அவரால் பாடவே முடியவில்லை! சுவரெல்லாம் கம்பளம் அடித்த அறை. காதில் கருவி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர், வாயை மூடிக்கொண்டு. மூன்று முறை தொடங்கினார், மூன்று முறையும் குரல் உள்ளேயே நின்றுவிட்டது. "நான் ஒரு வரி சொன்னா ஒருத்தராவது 'ம்'னு சொல்ல வேணாமா? யாருமே ஒண்ணும் சொல்லலன்னா நான் எங்க போய்க் கால் வைக்கிறது?" என்று கேட்டாராம்.

இது உங்களுக்குப் புரியும். ஒரு போதகர் ஒரு வரி பேசினால் ஒன்பது ஆமென் சொல்லி அவரை அடுத்த வரிக்கு ஏற்றிவிடுகிறவர்கள் அல்லவா நாம்? பாடுகிறவள் பாதி, பதில் சொல்கிறவர்கள் மீதி என்று வளர்ந்தவர்கள் அல்லவா நாம்? அந்தப் பெண்ணுக்குத் தெரிந்த இசை அது ஒன்றுதான்.

கடைசியில் அவருடைய சித்தி வில்லோடீனைக் கூட்டிவந்து, ஒரு முக்காலி போட்டு, கையில் விசிறி கொடுத்து உட்கார வைத்தார்கள். இசைத்தட்டை வைத்திருப்பவர்கள் இன்று போய்க் கேளுங்கள். இரண்டாம் சரணத்துக்கு நடுவே ஒரு வயதான குரல் வரும்: "சொல்லுடி என் தங்கமே!" அது பயிற்சி பெற்ற பாடகி அல்ல. பல் செட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த வில்லோடீன் சித்தி!

ஆறு ஆண்டுகள் சித்தி எல்லா ஊருக்கும் கூடப் போனார். முதல் வரிசையில் உட்கார்ந்தார், பதில் சொன்னார். ஆர்லீன் பறந்தார். அவர் தொழிலைக் கவனித்துக்கொண்டவரே அவரை மணந்துகொண்டார். மணந்தவரே கை நீட்டினார். கை நீட்டியவரே ஒரு நாள் வேறொரு பாடகியோடு போனார். அத்தனையையும் ஆர்லீன் தாங்கினார். எழுபத்திரண்டில் சித்தி தூக்கத்திலேயே இறந்துபோனார். அதைத்தான் ஆர்லீனால் தாங்க முடியவில்லை.

மறு ஆண்டு ஹாம்பர்க் நகரத்தில் நிகழ்ச்சி. ஆயிரம் பேர் உட்காரும் அரங்கம் நிரம்பியிருக்கிறது. ஆர்லீன் முதல் பாட்டைப் பாடுகிறார். நடுவில் ஒரு சத்தம் இல்லை. இரண்டாம் பாட்டு. ஓர் "ஓ" இல்லை, ஓர் "ஆ" இல்லை. ஆயிரம் பேரும் கைகளை மடியில் வைத்துக்கொண்டு சிலைபோல் உட்கார்ந்திருக்கிறார்கள். அது அவர்கள் ஊர் மரியாதை! முழுக்கப் பாடி முடித்த பிறகு எழுந்து நின்று கூரை இடிய கைதட்டுவார்களாம். நம் ஆர்லீனுக்கு அது எப்படித் தெரியும்? அந்த மௌனத்தை அவர் வெறுப்பு என்று எண்ணிவிட்டார். மூன்றாம் பாட்டின் நடுவில் ஒலிவாங்கியைக் கீழே வைத்துவிட்டு மேடையை விட்டுப் போய்விட்டார். "என்னைப் பிடிக்கலன்னா நேரா சொல்லித் தொலைங்களேன், எதுக்கு இப்படி சும்மா பாத்துக்கிட்டு இருக்கீங்க" என்று திரைக்குப் பின்னால் அழுதாராம். அவர்கள் கண்ணீரோடு கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று இருபது ஆண்டுகள் கழித்துத்தான் அவருக்குத் தெரிந்தது.

அன்றோடு பேர் கெட்டது. திமிர் பிடித்தவள் என்றார்கள், நம்ப முடியாதவள் என்றார்கள். மேடை குறைந்தது, மது கூடியது. யாருமில்லாத அறையில் மதுப்புட்டி ஒன்றுதான் அவருக்கு ஆமென் சொன்னது. பாட வேண்டிய நாளில் படுக்கையில் கிடந்தார். டெட்ராய்டில் ஒருமுறை காவலர்கள் கொண்டுபோனார்கள். மூன்று வயதுப் பிள்ளை ரேனெல் சிகாகோவில் அத்தை வீட்டில் வளர்ந்தாள். ரேனெல், நான் இதை மெழுகிச் சொல்லப்போவதில்லை. உன் பிறந்தநாள்களை அவர் மறந்தார். வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் இருந்தார். நீ சன்னலருகே காத்திருந்தாய். அந்தக் கோபம் உன் உரிமை. ஆனால் உன் கோபங்களில் ஒன்று, ஒரே ஒன்று, உன்னுடையது அல்ல. அதை உனக்குத் தந்தது நான். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

தொண்ணூற்றொன்றில் ஆர்லீன் ஊர் திரும்பினார். எங்கள் வீட்டுக்கு எதிர்வீட்டின் பின்கட்டை வாடகைக்கு எடுத்தார். பள்ளிச் சமையலறையில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடும் வேலை. ஞாயிறுதோறும் சபைக்கு வருவார். கடைசி பெஞ்சு. எல்லாரும் எழுந்து பாடும்போது அவர் மட்டும் உதட்டை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அப்போதுதான் கல்லூரி முடித்துச் சபையின் எழுத்தர் ஆகியிருந்த எனக்கு அது பொறுக்கவில்லை.

"ஏன் அக்கா, சும்மா எல்லாரோடயும் சேந்து முணுமுணுக்கக் கூடாதா?"

"கிளார்க்கம்மா, என்னை உக்கார வெச்சிருக்காங்க. தெரியும்ல?"

"அது இருபத்தஞ்சு வருஷத்துக்கு முன்னால."

"இருக்கட்டும். யாரும் எந்திரின்னு சொல்லலையே. உன் பொஸ்தகத்தப் பாத்துச் சொல்லு, சொல்லியிருக்காங்களா?"

சிரித்துக்கொண்டேதான் சொல்வார். என்னை அவர் கூப்பிட்டது எப்போதும் கிளார்க்கம்மா என்றுதான். என் எழுத்தைப் பார்த்துவிட்டு, "இவ்ளோ அழகா எழுதற கையி, ஏதாவது காதல் கடுதாசி எழுதக் கூடாதா? போயும் போயும் டீக்கனுங்க பேசுறத எழுதுது" என்று கிண்டல் செய்வார்.

தொண்ணூற்றுநான்கில் அவர் குடியை விட்டார். பதினொரு மாதம், ஒரு சொட்டு இல்லை. ஒரு மாலை எங்கள் வாசற்படியில் பீன்ஸ் ஆய்ந்துகொண்டே சொன்னார்:

"மார்வெட்டா" என்றார். அன்றைக்குத்தான் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். "நான் திரும்பக் கேக்கப்போறேன். ஞாயித்துக்கிழமை ஒரே ஒரு பாட்டு போதும். எனக்குப் பின்னால இருவது பேரு, எதிர்ல நீங்க எல்லாம். நான் ஒண்ணு சொன்னா நீங்க ஒண்ணு சொல்வீங்க. அது கெடச்சா மீதி ஆறு நாள நான் தாங்கிடுவேன். கெடைக்கலன்னா தாங்குவேனான்னு எனக்கே தெரியல."

அவர் கேட்டது விருது அல்ல. விளம்பரம் அல்ல. வெண்கலம் அல்ல! ஒரு வாரத்துக்கு ஒரு பாட்டு.

அக்டோபர் மாதம், ஒரு சனிக்கிழமை மதியம், சபைக் கூட்டம். அறுபது பேர் இருந்தோம். ஆர்லீன் பழுப்புப் பாவாடையோடு வந்து முன்னால் நின்றார். லண்டனில் பாடியவர், பள்ளிப் பிள்ளைபோல் கைகட்டி நின்றார். சொன்னார்: "பாடினதுக்கு நான் மன்னிப்புக் கேக்கல. அது நல்ல பாட்டு. ஒங்கள விட்டுட்டுப் போனதுக்குக் கேக்குறேன். என்னத் திரும்பச் சேத்துக்கோங்க."

ஒருவர் எழுந்தார். யார்? அவரை உட்கார வைத்த அதே டீக்கன் டில்மன்! "இருவத்தெட்டு வருஷத்துக்கு முன்னால நாந்தான் இந்தப் புள்ளைய உக்கார வெச்சேன். நானே எழுப்புறேன். சகோதரி டக்கெட்டைச் சபையில மறுபடியும் சேத்துக்கணும்னு முன்மொழியுறேன்" என்றார். தலைவர் ஐயா, அந்த ஒரு செயலுக்காக உங்களை இன்னொரு முறை வணங்குகிறேன்.

அந்நாள் போதகர் கேட்டார்: "வழிமொழிபவர் உண்டா?"

இன்று இந்த விழாவுக்கு டில்மன் ஐயாவைத் தலைவராக முன்மொழிந்தபோது எத்தனை பேர் வழிமொழிந்தீர்கள்? நான் எண்ணினேன். ஏழு பேர்! ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு. அன்று?

யாருமில்லை.

போதகர் மறுபடி கேட்டார். டீக்கன் திரும்பித் திரும்பிப் பார்த்தார். முன்மொழிந்தவர் தானே வழிமொழிய முடியாது. ஆனால் அவருக்கு எதிராக அங்கே யாரும் இல்லை! அதுதான் கொடுமை. பிறகு நான் ஒவ்வொருவராகக் கேட்டேன். டீக்கன்கள் சொன்னார்கள், "பெண்ணோட விஷயம், தாய்மார்கள் சொல்வாங்கன்னு இருந்தோம்." தாய்மார்கள் சொன்னார்கள், "டீக்கன் ஆரம்பிச்சது, டீக்கனுங்களே முடிப்பாங்கன்னு பாத்தோம்." பாடகர் குழு சொன்னது, "எங்களுக்கு ஆள் வேணும்னு நாங்களே கேட்டா நல்லாவா இருக்கும்?" அறுபது பேரும் அடுத்தவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு குரல் போதும். ஒரே ஒரு வார்த்தை போதும். ஆமென் சொல்வதற்கென்றே பிறந்த வாய்கள் அறுபதும், ஆமென் தேவைப்பட்ட ஒரே நிமிடத்தில் அடைத்துக்கொண்டன!

நான்? என்னை ஏன் கேட்கவில்லை நீங்கள்? நான் மேசையில், கையில் பேனாவோடு உட்கார்ந்திருந்தேன். எழுத்தர் எழுதத்தான் வேண்டும், பேசக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். எழுத்தரும் உறுப்பினர்தான், வழிமொழியலாம். அந்த விதியை எல்லாரையும்விட நன்றாக அறிந்தவள் நான். உண்மைக் காரணம் வேறு. அன்று பாடகர் குழுவில் தனிப்பாட்டுப் பாடியவர் என் அம்மா. ஆர்லீன் திரும்பினால் அந்த இடம் ஆர்லீனுக்குப் போகும். மூன்றாம் வரிசையில் அம்மா தலையைக் குனிந்துகொண்டிருந்தார். நான் அம்மாவின் வகிட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தீர்மானம் விழுந்தது" என்றார் போதகர், வருத்தத்தோடுதான்.

ஆர்லீன் லேசாகச் சிரித்தார். "பரவால்ல பாஸ்டர். பாட்டுல எந்த எடத்துல பதில் சொல்லணும்னு இவங்களுக்கு மறந்துபோச்சு" என்று சொல்லிவிட்டுப் பக்கவாட்டுக் கதவு வழியாகப் போனார். ஹாம்பர்க்கில் பாதிப் பாட்டில் போனவர், எங்களிடம் ஒரு வரிகூடப் பாடாமல் போனார்.

அன்று மாலை வீட்டில் அம்மா காரட் நறுக்கிக்கொண்டே கேட்டார்:

"ஏன்டி, நீ சொல்லியிருக்கலாம்ல?"

"நீ ஏன்ம்மா சொல்லல?"

"நான் சொல்லியிருந்தா, பாரு, நல்லவ மாதிரி நடிக்கிறான்னு சொல்லியிருப்பாங்க."

"நான் சொல்லியிருந்தா, அம்மா வாயில மண்ணப் போட்டுட்டான்னு சொல்லியிருப்பாங்க."

அம்மா கத்தியைக் கீழே வைத்தார். "ரெண்டு பேரும் ஒருத்தருக்காக ஒருத்தர் பாத்துக்கிட்டோம். அந்தப் பொண்ணுக்காக யாருடி பாத்தா?" என்றார். ஆறு ஆண்டுகளுக்கு முன் அம்மா இறக்கும்வரை அந்தப் பேச்சை நாங்கள் மறுபடி எடுக்கவில்லை. அம்மாமேல் எனக்குக் குறையில்லை. அவர் ஒரு நிமிடம் மௌனமாக இருந்தார். நான் அதைவிட மோசமானதைச் செய்தேன்.

நான் எழுதினேன்.

கூட்டக் குறிப்பில் என்ன எழுத வேண்டும்? முன்மொழியப்பட்டது, வழிமொழிய ஆள் இல்லை, தீர்மானம் விழுந்தது. இவ்வளவுதான். அதை எழுதக் கை கூசியது. நம் சபைக்கு வெட்கம் வேண்டாம், ஆர்லீனுக்கும் அவமானம் வேண்டாம் என்று எண்ணி, என் அழகான கையெழுத்தில், ஒரு வரி எழுதினேன். "சகோதரி டக்கெட் தம் வேண்டுகோளைத் தாமே திரும்பப் பெற்றுக்கொண்டார்." அடுத்த மாதம் அதைப் படித்தேன். டில்மன் ஐயா அன்று வரவில்லை, அர்க்கன்சாவில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தார். "குறிப்பை ஏற்கலாம்" என்று ஒருவர் முன்மொழிந்தார். உடனே, மூச்சுவிடும் முன்னே, மூன்று பேர் வழிமொழிந்தார்கள்!

என்ன, தலைவர் ஐயா? "அப்படியாம்மா எழுதின?" என்கிறீர்கள். அப்படித்தான் ஐயா எழுதினேன். இருபத்திரண்டு ஆண்டுகளாக அப்படியே இருக்கிறது.

ஆர்லீன் அடுத்த ஞாயிறு வரவில்லை. நவம்பர் கடைசியில் வரும் நன்றி செலுத்தும் பண்டிகைக்குள் மறுபடி குடித்தார். தொண்ணூற்றேழு பிப்ரவரியில், நாற்பத்தெட்டு வயதில், ஈரல் கெட்டு இறந்தார். ஏட்டில் பெயர் இல்லாததால் சபைக்குள் அவர் உடலை வைக்க முடியவில்லை. சவ அடக்கக் கடையின் சின்னக் கூடத்தில், பதினாறு நாற்காலிகள் போட்டு, அடக்க ஆராதனை. அங்கே ரேனெல் என்னிடம் கேட்டாள்: "ஏங்க, பிறந்து வளந்த சர்ச்சுல ஏன் வைக்கல?"

நான் புத்தகத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். அந்த வரியைக் காட்டினேன்.

படித்துவிட்டு நீ என்ன சொன்னாய், ரேனெல்? எனக்கு மறக்கவில்லை. "அப்ப இங்கயும் அவளேதான் வேணாம்னு போயிட்டாளா? எங்கிட்டயும் அப்படித்தான். கைல கெடச்ச எல்லாத்தையும் அவளே தூக்கிப் போட்டுட்டுப் போவா." சொல்லிவிட்டு ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாமல் காரில் ஏறினாய். எனக்கு வாய் இருந்தது. கார் நகரும்வரை நேரமும் இருந்தது. சன்னலைத் தட்டியிருக்கலாம். நான் கை அசைத்தேன். மடத்தனமாக, கை அசைத்தேன்.

இந்த ஆண்டு நகர மன்றம் வந்தது. சுற்றுலாவாக வருகிறவர்கள் ஆர்லீனின் சபை எது என்று கேட்கிறார்களாம். பலகை வைக்கலாம் என்றார்கள். "நல்லதா ரெண்டு வரி எழுதிக் குடுங்க சிஸ்டர்" என்றார் எங்கள் போதகர். அவர்மேல் பிழையில்லை. அவர் இந்த ஊருக்கு வந்தே ஐந்து ஆண்டுகள்தான். நான் எழுதிக் கொடுத்தேன். துணிக்குள் இருப்பது இதுதான்: "ஆர்லீன் டக்கெட், பாடகி. பிறப்பு முதல் இறப்பு வரை இச்சபையின் அன்பு மகள்."

உயிரோடு இருந்தபோது ஒரு வார்த்தையில் கொடுத்திருக்கக்கூடியதை, செத்த பிறகு வெண்கலத்தில் கொடுத்துவிட்டேன். முதல் பொய்யை ஏட்டில் எழுதினேன். இரண்டாம் பொய்யை உலோகத்தில் வார்த்தேன். இரண்டையும் அன்பு என்று நினைத்துத்தான் செய்தேன். அன்பு என்ற பெயரில் கோழைத்தனம் எத்தனை அழகாக எழுதுகிறது!

என்ன, எல்லாரும் அடங்கிவிட்டீர்கள்? இவ்வளவு நேரம் வரிக்கு வரி பதில் சொன்னீர்களே? "சொல்லு மகளே" என்றீர்களே? இந்த அமைதியை நான் அறிவேன். இதற்கு முன் ஒருமுறை கேட்டிருக்கிறேன். அன்று இதற்கு நடுவில் நின்றவர் ஒரு பெண். அறுபது பேரின் இந்த அமைதியைத் தாங்கிக்கொண்டு, சிரித்துவிட்டுப் போனார் அவர். எனக்கு அந்தச் சிரிப்பு வரவில்லை.

போதகர் சீட்டு அனுப்பியிருக்கிறார். "நேரமாகிறது" என்று இருக்கிறது. ஆம் ஐயா, நேரம் ரொம்பவே ஆகிவிட்டது. முடித்துக்கொள்கிறேன்.

ரேனெல், நான் உன் வயதுக்காரி. உன்னிடம் மன்னிப்புக் கேட்கும் தகுதியை இன்னும் சம்பாதிக்கவில்லை, அதனால் கேட்கவில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன். உன் அம்மா உன்னிடம் எத்தனையோ தவறியிருக்கலாம். ஆனால் இந்த வாசலில் அவர் எதையும் தூக்கிப் போடவில்லை. எதையும் திரும்பப் பெறவில்லை. பதினொரு மாதம் குடிக்காமல் இருந்து, பழுப்புப் பாவாடை கட்டிக்கொண்டு, கைகட்டி நின்று, கேட்டார். வாய்விட்டுக் கேட்டார். வேண்டாம் என்றவர்கள் நாங்கள். அதையும் வாய் திறந்து சொல்லாமல் சொன்னோம்.

அவையோரே, இனி சொல்லப்போவது நான் யாரிடமும் சொல்லாத முடிவு. போதகரிடம் சொல்லவில்லை, தலைவரிடம் சொல்லவில்லை, காலையில் இந்த உடையை மாட்டும்போது எனக்கே சொல்லிக்கொள்ளவில்லை. இந்தக் கயிற்றை நான் இழுக்கப்போவதில்லை. இன்று இல்லை, அந்த வரி அந்தச் சுவரில் இருக்கும்வரை என்றும் இல்லை. இழுக்க விரும்புகிறவர்கள் இழுக்கலாம், அது உங்கள் உரிமை. ஆனால் உள்ளே இருப்பது பொய் என்றும், அதை எழுதிய கை இது என்றும் தெரிந்துகொண்டே இழுங்கள்.

வெயிலில் உட்கார்ந்து, பிடிக்காததையும் பொறுத்துக் கேட்ட ஒவ்வொரு காதுக்கும் நன்றி. தாய்மார்களுக்கும் தலைவருக்கும் என் வணக்கம். ரேனெல், உனக்கும்.